ஜீரோ வாட்ஸ் பல்பு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும் என்பது கந்தர்வக்கோட்டையில் நான் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். டாக்டர் ஐந்து எம்.எல்.லில் 250 மில்லிகிராம் இருக்கிற சிரப் எழுதியிருப்பார். கடையில் 125தான் இருக்கும். "இதுல பத்து எம்.எல். குடுங்க, ரெண்டும் ஒண்ணுதான்" என்பேன். "அதெப்படிங்க ஒண்ணாகும்? புள்ளைக்கு ஓவராப் போயிறாதா?" என்று ஆரம்பிப்பார்கள். ஸ்பூனைப் பார்க்கிறார்களே தவிர, அதற்குள் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று பார்க்கமாட்டார்கள். ஒரு நாளைக்கு நாலு பேரிடமாவது இதைச் சொல்லித் தொண்டை வறண்டு போகும். அப்படிப்பட்ட நானே வீட்டில் ஸ்பூனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதுதான் இந்தக் கதை.

என் மாமியார் முனியாயிக்கு வயது அறுபதுகூட ஆகவில்லை. தஞ்சாவூர் ரோட்டோரத்துக் கொட்டகையில் முந்திரிக்கொட்டை வறுத்தே வாழ்க்கையை ஓட்டியவர். கொட்டை வறுபடும்போது தோலிலிருந்து எண்ணெய் கசிந்து எரியும். அந்தப் புகை கண்ணைக் கரிக்கும், தொண்டையை அறுக்கும். மாமா போன பிறகு ஒற்றை ஆளாக அந்தப் புகைக்குள் உட்கார்ந்து மகனைப் படிக்க வைத்தார், ஊருக்கு மேற்கே ஒரு கொல்லையும் வாங்கினார். இப்போது அந்தச் செம்மண் கொல்லையில் கடலை நிற்கிறது. அத்தையின் நுரையீரல்தான் தாக்குப்பிடித்து நிற்கவில்லை. நாளில் முக்கால்வாசி நேரம் ஆக்சிஜன் மெஷின் வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மெஷின் ஒன்றும் பெரிய அதிசயம் இல்லை. அறையில் இருக்கிற காற்றையே இழுத்து, ஆக்சிஜனை மட்டும் பிரித்து, மெல்லிய குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும் ஒரு பெட்டி. பகலெல்லாம் சமர்த்தாக ஓடும். சாயங்காலம் ஐந்தரை ஆனால் அழ ஆரம்பித்துவிடும். கீச் கீச்சென்று அலாரம், மஞ்சள் விளக்கு. மின்விசிறி நடைப்பிணமாகச் சுற்றும். அத்தையின் கட்டிலுக்கு எதிரே சாமி படத்துக்கு முன்னால் பழைய சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்பு ஒன்று உண்டு. பெயர்தான் ஜீரோ, பதினைந்து வாட் குடிக்கும். அப்படிப் பெயர் வைத்தவன் என் கையில் கிடைத்தால் நன்றாகக் கேட்டிருப்பேன். அந்தப் பல்பும் கங்கு அணைவதுபோல் மங்கிவிடும். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்ட அத்தையின் விரலில் மாட்டும் கருவி 93லிருந்து 87க்கு இறங்கும். உதடு கறுக்கும்.

"கரண்டு டல்லா வருது" என்றார்கள் தெருவில். டல் என்றால் எவ்வளவு டல்? எனக்கு அளவு சொல்லாவிட்டால் பிடிக்காது. பிளக்கில் செருகினால் வோல்ட் எவ்வளவு என்று எண்ணில் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றை வாங்கி வந்து அத்தை அறையில் மாட்டினேன். காலையில் 228. சாயங்காலம் 166.

மெஷினைத் திருப்பி, பின்னால் ஒட்டியிருந்த தகட்டைப் படித்தேன். 230 வோல்ட், 350 வாட். ஆம்பியர் போடவில்லை. வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் வந்துவிடும், ஒன்றரை. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், ஆனால் அன்றைக்குத்தான் அது என் கடைக் கணக்காகவே தெரிந்தது. வோல்ட் என்பது சிரப்பின் வீரியம். ஆம்பியர் என்பது எத்தனை ஸ்பூன். இரண்டையும் பெருக்கினால் உள்ளே போகிற மருந்து, அதுதான் வாட். வீரியம் குறைந்தால், அதே மருந்து உள்ளே போக ஸ்பூன் கூட வேண்டும். அத்தையின் மெஷினுக்கு அப்படிக் கூடுதலாக இழுத்துக் குடிக்கும் சாமர்த்தியம் கிடையாது. குறைவாக வந்தால் குறைவாக வேலை செய்துவிட்டு அழும்.

சரி, ஒரு ஸ்டெபிலைசர் போட்டால் வீரியத்தை ஏற்றிக் கொடுக்கும் என்று புதுக்கோட்டைக்குப் போய் வாங்கி வந்தேன். கடைக்காரர் சொன்னதை நான் முழுதாகக் கேட்கவில்லை. 170 வோல்ட்டுக்குக் கீழே போனால் ஸ்டெபிலைசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மொத்தமாக நிறுத்திவிடுமாம். முதல் நாள் சாயங்காலமே 'டக்'கென்று நிறுத்தியது. தினமும் அழுதுகொண்டிருந்த மெஷின் சத்தமே இல்லாமல் போனது. அழுகையைவிட அந்த அமைதி பயங்கரம். ஓடிப்போய், அவசரத்துக்கு வைத்திருந்த சின்ன ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்து குழாயை மாற்றினேன். வீட்டு இன்வெர்ட்டரிலும் போட்டுப் பார்த்தோம். பன்னிரண்டு வோல்ட் பேட்டரியிலிருந்து 350 வாட் எடுக்க முப்பது ஆம்பியராவது உறிஞ்ச வேண்டும். ஃபேனுக்கும் லைட்டுக்கும் என்று வாங்கிய பழைய பேட்டரி, அரை மணி நேரத்தில் கையை விரித்துவிட்டது. மெஷினைப் பழையபடி நேராகப் பிளக்கிலேயே மாட்டினோம்.

அப்படியானால் வியாதி லைனில் இருக்கிறது. யாரோ குடிக்கிறார்கள். யார் என்று யோசிக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஜெரால்டு அண்ணன் வீடு. மாடு வைத்திருக்கிறார். ஐந்தரைக்குத்தான் அவருடைய மோட்டார் தடதடவென்று ஆரம்பிக்கும், எங்கள் வீட்டு ஜன்னல் கம்பி அதிரும். மெஷின் அழுவதும் அதே நேரம். வேறென்ன சாட்சி வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பின்வேலிக்குப் போனேன்.

"அண்ணே, மொதல்ல மோட்டார நிப்பாட்டுங்க!"

"என்ன தங்கச்சி, என்னாச்சு?" கையில் ஓஸ் பைப்போடு நின்றார்.

"எங்கத்த மூச்சு விட முடியாமக் கெடக்கு. ஒங்க மோட்டாரு மொத்தக் கரண்டையும் உறிஞ்சுது. ஒங்களுக்கு மாடு குளிக்கிறதா முக்கியம்?"

அவர் மோட்டாரை நிறுத்திவிட்டு, வேலியைச் சுற்றி வந்து, வாசலில் காலைக் கழுவிக்கொண்டு அத்தை அறைக்கே வந்தார். மீட்டருக்கு முன்னால் இரண்டு பேரும் நின்றோம். 166 என்பது 174 ஆனது. அங்கேயே நின்றுவிட்டது.

"கொஞ்சம் பொறுங்க, ஏறும்" என்றேன். ஏறவில்லை. மெஷினும் அழுகையை நிறுத்தவில்லை.

"ஒங்க மோட்டாரு எத்தனை ஹெச்.பி.ண்ணே?"

"ஒன்றரைதான் தங்கச்சி. காத்தடிச்சுத் தண்ணி தள்ளுற கம்ப்ரசரு. சத்தந்தான் ஊரக் கூட்டும்."

ஒரு ஹெச்.பி. என்றால் 746 வாட். ஒன்றரைக்கு ஆயிரத்துச் சொச்சம். எங்கள் மெஷின் மூன்றுக்குச் சமம், அவ்வளவுதான். சத்தத்தை வைத்து ஆளைப் பிடித்த என் கெட்டிக்காரத்தனம் எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கப்பட நேரமில்லை. மீதி ஐம்பது வோல்ட் எங்கே?

"அப்ப யாருண்ணே இப்புடிக் குடிக்கிறது?"

ஜெரால்டு அண்ணன் கழுத்தைச் சொறிந்தார். கட்டிலில் சாய்ந்திருந்த அத்தையைப் பார்த்தார். அத்தை கண்ணை மூடிக்கொண்டார்.

"நாஞ் சொன்னா நல்லாருக்காது."

"பரவால்ல, சொல்லுங்க."

"நம்ம தெருவுக்கும் மேலக் கொல்லைக்கும் ஒரே டிரான்ஸ்பார்மருதான் தங்கச்சி. அந்த லைன்ல பத்து ஹெச்.பி. போட்டு ஓட்டுறது ஒங்க வீடு மட்டுந்தான்."

எங்கள் மோட்டார். ஆழ்குழாய்க்குள் எங்கோ அடியில் தண்ணீரில் முங்கிக் கிடக்கும் மோட்டார். பக்கத்தில் போய் நின்றால்கூடச் சத்தம் கேட்காது, தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும்தான். அதற்கு மூன்று கம்பியிலும் கரண்ட் வேண்டும். மூன்றும் எங்களுக்கு வருவது விடியற்காலை தொடங்கிக் கொஞ்ச நேரம்தான், மற்றபடி இரண்டு கம்பிதான். அந்த இரண்டிலேயே மோட்டாரை ஏமாற்றி ஓட்டுவதற்கு எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு கன்டென்சர் என்று ஒரு டப்பா வைத்திருக்கிறார்கள். செய்யக்கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் செய்கிறோம். என் வீட்டுக்காரர் நிலவழகனும் தினம் ஐந்தரைக்குக் கொல்லைக்குப் போய் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

போனை எடுத்தேன். "என்னங்க, மோட்டார நிப்பாட்டுங்க."

"இப்பத்தானே போட்டேன். என்ன விஷயம்?"

"நிப்பாட்டுங்கன்னா நிப்பாட்டுங்க. வீட்ல வந்து பேசிக்கலாம்."

174 என்ற எண் ஒரு முறை கண் சிமிட்டியது. 215. மின்விசிறி உயிர் பிடித்துச் சுற்றியது. மெஷின் அழுகையை விட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்தது. சாமி படத்துக்கு முன்னால் ஜீரோ வாட்ஸ் பல்பு நல்ல சிவப்பாக எரிந்தது.

"நான் போயி மோட்டாரு போட்டுக்கவா தங்கச்சி? மாடு பாதிக் குளியல்ல நிக்கிது" என்றார் ஜெரால்டு அண்ணன். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார். அதுதான் இன்னும் வலித்தது. "போடுங்கண்ணே, நாந்தான் தப்பாப் பேசிட்டேன்" என்று சொன்னேன், பாதி வாய்க்குள்ளேயே.

அவர் போன பிறகு அத்தை கண்ணைத் திறந்தார்.

"அவனப் போடச் சொல்லு ஆத்தா."

"எதை?"

"மோட்டார. கடலையில விழுது எறங்குற நேரம். இப்பத் தண்ணி இல்லேன்னா காயி பொக்காப் போயிரும்."

"ஒங்களுக்கு இது தெரியுமா அத்த? நம்ம மோட்டாருதான்னு தெரியுமா?"

அத்தை பல்பைப் பார்த்தார். மூச்சு வாங்கி வாங்கிப் பேசினார். "லைட்டு மங்குனா அவன் மோட்டாரு போட்டுட்டான்னு அர்த்தம். கொல்லையில தண்ணி ஓடுதுன்னு நெனச்சுக்கிட்டுப் படுத்துக் கெடப்பேன். மிசினு கத்துனாக் கத்திட்டுப் போவுது. எனக்கு வாயிருக்கு, முடியலன்னாச் சொல்லிருவேன். கடலைக்கு வாயிருக்கா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இத்தனை நாள் நான் மீட்டர் வாங்கி, ஸ்டெபிலைசர் வாங்கி, அண்டை வீட்டுக்காரரைத் திட்டி, பைத்தியக்காரி மாதிரி அலைந்தேன். இந்த மனுஷி பல்பைப் பார்த்துக்கொண்டு சந்தோஷமாகப் படுத்திருந்திருக்கிறார். திட்ட வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

நிலவழகன் வந்ததும் நடந்ததையெல்லாம் சொன்னேன். அதிகம் பேசாத மனிதர். தின்பண்டம் எதையும் தொடாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். "தெருவுக்குத் தனி டிரான்ஸ்பார்மருன்னுல்ல நெனச்சேன்" என்றார்.

நான்தான் கணக்கைப் போட்டேன். பத்தை 746ஆல் பெருக்கினால் 7460 வாட். அதை 350ஆல் வகுத்தால் இருபத்தொன்று. "அந்த மோட்டாரு குடிக்கிற கரண்டுல இருபத்தோரு அத்த மூச்சு விடலாங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அதவிடக் கூட பிரியா. விடியக்காலையில மூணு கம்பியிலயும் வர்றப்ப மோட்டாரு பெட்டியில ஆம்பியர் முள்ளு பதினஞ்சுல நிக்கும். சாயங்காலம் கன்டென்சருல போட்டா இருபத்தஞ்சத் தாண்டி ஆடும்."

"தண்ணி?"

"அது நூலாட்டந்தான் வரும்."

அதாவது, வீரியம் செத்த சிரப்பை ஸ்பூன் ஸ்பூனாகக் குடித்தும் குணமில்லை. மோட்டாரும் சூடேறுகிறது, லைனும் செத்துப்போகிறது, கடலைக்கும் சரியாகப் பாயவில்லை. "அப்பறம் ஏன் விடியக்காலையில போட மாட்டேங்குறீங்க?" என்று சண்டைக்கு நின்றேன்.

"எல்லாரும் சாயங்காலம் ஓட்டுறாங்க, நானும் ஓட்டுறேன்." கொஞ்சம் பொறுத்து, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ராத்திரியெல்லாம் அம்மா இருமுதுல்ல. எப்ப என்ன ஆகுமோன்னு முழிச்சே கெடப்பேன். விடியுற நேரத்துலதான் கண்ணு அசருது. எந்திரிக்க முடியல."

சாயங்காலம் அத்தைக்கு மூச்சு குறைவதால் இரவெல்லாம் இருமல். இருமலால் மகனுக்குத் தூக்கமில்லை. தூக்கமில்லாததால் சாயங்கால மோட்டார். மோட்டாரால் அத்தைக்கு மூச்சுக் குறைவு. இந்த வட்டத்துக்குள் நாங்கள் மூன்று பேரும் ஒருவர் மீது ஒருவர் வைத்த பாசத்தோடு சுற்றிக்கொண்டிருந்தோம். எனக்கு அவர் தலையைத் தடவிக்கொடுக்க வேண்டும் போலிருந்தது. தடவிக்கொடுத்தேன்.

அன்றிரவு அத்தை குறைவாகத்தான் இருமினார். விடியற்காலையில் நிலவழகன் கொல்லைக்குப் போய்விட்டார். நான் வேலைக்குக் கிளம்பும் முன்னால் திரும்பி வந்தார், முகமெல்லாம் சிரிப்பு. "தண்ணி தொடை தண்டிக்கு வருது பிரியா. நாலு சாயங்காலம் பாயுறது ஒரே காலையில பாஞ்சிருச்சு." கன்டென்சரைக் கழற்றிப் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். அத்தை அப்போது நல்ல தூக்கத்தில் இருந்தார். எழுப்பவில்லை. முடிந்தது பிரச்சினை என்று நிம்மதியாக பஸ் ஏறினேன். அத்தையிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது ஐந்தரை தாண்டியிருந்தது. மீட்டரில் 219. மெஷின் அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் குழாய் அத்தையின் மூக்கில் இல்லை. கட்டில் ஓரத்தில் சுருட்டி வைத்திருந்தது, ஆக்சிஜன் வீணாக அறைக்குள் போய்க்கொண்டிருந்தது. அத்தை நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் முட்டியில் ஊன்றிக்கொண்டு, பல்பையே பார்த்துக்கொண்டிருந்தார். தோள் ஏறி ஏறி இறங்கியது.

"அத்த! என்ன பண்ணி வச்சிருக்கீங்க?" விரலில் கருவியை மாட்டினேன். 86. குழாயை எடுத்து மூக்குக்குக் கொண்டுபோனேன். என் கையைத் தட்டிவிட்டார்.

"லைட்டு மங்கல."

"மங்காது அத்த. இனிமே மங்கவே மங்காது. காலையிலயே தண்ணி பாஞ்சிருச்சு."

"பொய்யி சொல்ற. ரெண்டு பேருமாச் சேந்து எனக்காகக் கொல்லையக் காயப் போடுறீங்க." ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவே காற்றுக்குத் தவித்தார். "கடலையக் காய விட்டுட்டு... நான் மட்டும் மூச்சு விடவா?"

"சத்தியமா அத்த. அவரே வந்து சொல்லுவாரு."

"அவனும் ஒங்கூடச் சேந்தவந்தான்."

84. கத்தினேன், கெஞ்சினேன், காலைப் பிடித்தேன். குழாயைப் பலவந்தமாக மாட்டினேன், பிடுங்கி எறிந்தார். மீட்டரைக் காட்டினேன். "இருநூத்திப் பத்தொம்போது அத்த, பாருங்க!" அந்த எண்ணை அத்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வோல்ட்டும் வாட்டும் ஹெச்.பி.யும் எனக்கு ஒன்றிலிருந்து ஒன்றாக மாற்றத் தெரியும். இந்த மனுஷி மூச்சைப் புகையில் போட்டு நிலமாக மாற்றியவர். அவருக்குப் புரிகிற அளவு எதுவும் என்னிடம் இல்லை.

அப்போதுதான் வாசலுக்கு வந்த நிலவழகன் சத்தம் கேட்டு உள்ளே ஓடி வந்தார். ஒரு பார்வையில் எல்லாம் புரிந்துவிட்டது. "அம்மா, காலையிலயே..." என்று ஆரம்பித்தவர், அத்தையின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அப்படியே திரும்பி ஓடினார். பைக் சத்தம் மேற்கே போனது.

நான் அத்தையின் முதுகைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். குழாயை அவர் முகத்துக்கு எவ்வளவு பக்கத்தில் பிடிக்க முடியுமோ அவ்வளவு பக்கத்தில் பிடித்துக்கொண்டேன், அதை மட்டும் அவர் தடுக்கவில்லை. அந்த நேரம் எவ்வளவு நீளம் என்று சொல்ல எனக்கு எந்த யூனிட்டும் தெரியவில்லை.

நிலவழகன் செருப்போடேயே உள்ளே வந்தார். கையில் வேரோடு பிடுங்கிய கடலைச் செடி. செடியின் கணுக்களிலிருந்து விழுதுகள் ஊசி ஊசியாக இறங்கியிருந்தன. நுனியில் பால் பிஞ்சுகள். வேரைச் சுற்றிக் கட்டியாகச் செம்மண், ஈரம் சொட்டாத குறை. அதை அப்படியே அத்தையின் மடியில் வைத்தார்.

அத்தை மண்ணைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்து உருட்டினார். உருண்டை உடையாமல் நின்றது. கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மோந்தார். ஒரு விழுதைப் பிடித்து அதன் நுனியில் இருந்த பிஞ்சை விரலால் தடவினார்.

"நல்லாப் பாஞ்சிருக்கு" என்றார்.

பிறகு என் கையிலிருந்த குழாயை வாங்கி, மண் ஒட்டிய விரல்களாலேயே தன் மூக்கில் மாட்டிக்கொண்டார். கண்ணை மூடி ஆழமாக இழுத்தார். 85. 88. கொஞ்ச நேரத்தில் 92. நான் கருவியைப் பார்த்துக்கொண்டே சத்தம் போட்டு அழுதேன். நிலவழகன் கட்டிலின் காலடியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். எதிரே அந்தப் பல்பு மங்காமல் எரிந்துகொண்டிருந்தது.

அத்தை கண்ணைத் திறக்காமலேயே மகனிடம் சொன்னார்.

"நாளைக்கும் ஒரு செடி கொண்டாந்து காட்டுப்பா."